பத்திலிருந்து கீழே

"ஒரு லிஃப்டில் நிற்கிறீர்கள்" என்றார் மிஸ் குவெக்.
"பத்தாவது மாடி. மெதுவாக இறங்குகிறது.
தளத்துக்குத் தளம் உடம்பு தளரட்டும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பத்தொன்பது வருடமாய் லிஃப்ட் மெக்கானிக் நான்.
இறங்குகிறது என்றால் என் காது
ஏழாம் தளத்தில் கதவு ஒட்டுகிறதா,
கயிற்றில் ஓர் இழை விட்டிருக்கிறதா என்று கேட்கும்.
தளர்வாவது.

ஃபேரர் பார்க்கில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே அறை.
ஏர்கானுக்குக் கீழ் ஒரு வாளி, சொட்டுச் சொட்டாய்.
கிளம்பும்போது திலகா கேட்டாள்:
"வசியம் பண்றவங்ககிட்டயா போறீங்க?
இருக்கிற வசியம் போதாதா?"
அவள் என்னைக் கேலி செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.
அதற்காகவே போனேன்.
மாத்திரையை ஆஸ்பத்திரி தருகிறது.
புதன்கிழமைக் கூட்டத்தில் கைதட்டுகிறார்கள்.
இது
சுவர் நிற்கும்வரை ஒரு முட்டு.

இரண்டாம் முறை ஒழுங்காய்க் கண்ணை மூடினேன்.
ஆறு. ஐந்து. நான்கு.
கைகள் யாருடையவோ போல் கனத்தன.
ஒன்று வந்ததும் கதவு திறந்தது.
எதிரே எங்கள் பிளாக் காப்பிக்கடை.
பச்சைப் பாட்டில், ஐஸ் வாளி,
பியர் விற்கும் லீ ஹுவா அக்கா கையசைக்கிறாள்.
சுவரில் மணி பத்தே கால்.
பத்தரைக்குப் பிறகு வாங்கிப்போக விடமாட்டார்கள்,
ஓடு, என்றது கால்.

கண் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.
"மேடம், என் லிஃப்ட் எல்லாம்
அங்கேதான் போய்த் திறக்கும்."

அவர் குறிப்பேட்டை மூடினார்.
"லிஃப்ட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
எது அதை நிறுத்துகிறது?"

சொன்னேன், பாதி ஆங்கிலம், மீதி கை.
கரண்ட் வந்தால் பிரேக் பிடிக்கும் என்றுதான்
எல்லாரும் நினைக்கிறார்கள்.
அப்படியில்லை.
ஸ்பிரிங் எப்போதும் பிடித்தபடியே இருக்கிறது.
கரண்ட் வந்தால்தான் விடும்.
ஓடத்தான் சக்தி வேண்டும் மேடம்.
நிற்க ஒன்றும் வேண்டாம்.

கொஞ்ச நேரம் வாளி மட்டும் பேசியது.
"இதையே தமிழில் சொல்லுங்கள்."
"உங்களுக்குப் புரியாதே."
"எனக்கு எதற்குப் புரிய வேண்டும்?"

பத்து. ஸ்பிரிங் பிடிச்சிருக்கு.
ஒன்பது. கயிறு அறாது.
எட்டு. மூச்சு விடுங்க, காத்து உள்ள வரும்.
சொல்லச் சொல்ல அந்தக் குரல் எனக்குப் பிடிபட்டது.
தெம்பனீஸில் ஒரு ராத்திரி
பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
கர்ப்பிணி மாது ஒருத்தி மாட்டிக்கொண்டபோது
கதவிடுக்கில் வாய் வைத்து
நாற்பது நிமிடம் பேசிய குரல்.
பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.
அதை இதுவரை
எனக்கு நான் சொன்னதில்லை.

அறிதுயில் என்று தமிழில் ஒரு சொல்லாம்,
மகள் கண்டுபிடித்துச் சொன்னாள்.
அழகான சொல்தான்.
தூங்கி எழுந்த மாதிரி இல்லை எனக்கு,
இயந்திர அறையில் விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது.

நாற்பத்தொரு நாள் ஓடியது.
நாற்பத்திரண்டாம் நாள் இரண்டு பாட்டில்.
மறைக்கவில்லை, காலையில் மெசேஜ் அனுப்பினேன்.
"வியாழன், நாலு மணி" என்று மட்டும் பதில்.

இன்றிரவு ரொட்டி வாங்கத்தான் இறங்கினேன்.
கதவு திறந்தது.
அக்கா, ஐஸ் வாளி, எல்லாம் அதே இடத்தில்.
கதவு மூடியது.
நான் எந்தப் பொத்தானும் அழுத்தவில்லை.
பெட்டி நின்றது.
தலைக்கு மேலே எங்கோ
ஒரு ஸ்பிரிங்.

மறுபடி கதவு திறக்க,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சீனப் பையன்.
"அங்கிள், எந்த மாடி?"

கொஞ்சம் இருப்பா, என்றேன்,
தமிழில்.